ஈர்க்குச்சிக் கட்டும் கம்பிப் பந்தலும்

32-லிருந்து 15-ஐக் கழிக்க வேண்டும். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளில் பலர் 23 என்று எழுதிவிடுவார்கள். இரண்டில் ஐந்து போகாது. அதனால் ஐந்தில் இரண்டைக் கழித்து மூன்று, மூன்றில் ஒன்றைக் கழித்து இரண்டு. பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிக்கத்தானே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்? குழந்தை தன் கணக்கில் நியாயமாகத்தான் நடந்துகொள்கிறது.

அதே குழந்தையைப் பாயில் உட்காரவைத்து ஈர்க்குச்சிகளைக் கொடுத்துப் பாருங்கள். பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்ட மூன்று கட்டுகள், உதிரியாக இரண்டு குச்சிகள். ஆக 32. இதிலிருந்து 15 எடுக்க வேண்டும். உதிரியில் ஐந்து இல்லை. குழந்தை குச்சியைப் பார்க்கும், பக்கத்துப் பிள்ளையைப் பார்க்கும், கடைசியில் ஆசிரியரைப் பார்க்கும்.

“டீச்சர், இத அவுக்கட்டுமா?”

“அவுத்துப் பாரேன்.”

ஒரு கட்டு அவிழ்கிறது. இப்போது உதிரி பன்னிரண்டு. அதில் ஐந்து போனால் ஏழு. மீதி இரண்டு கட்டில் ஒன்று போனால் ஒன்று. விடை 17. ‘கடன் வாங்கிக் கழித்தல்’ என்று பெரியவர்கள் மனப்பாடமாகச் செய்கிற வேலை, அந்தக் குழந்தையின் விரலுக்குள் நடந்து முடிந்துவிட்டது. தொடக்கப் பள்ளி வகுப்பறை என்பதன் உயிர் இந்த இரண்டு நிமிடத்தில்தான் இருக்கிறது.

அந்த இரண்டு நிமிடம் எல்லா வகுப்பறையிலும் எளிதில் கிடைத்துவிடாது. திருவண்ணாமலை மாவட்டத்தையே எடுத்துக்கொண்டால், அதன் தொடக்கப் பள்ளிகள் ஒரே மாதிரியானவை அல்ல. நகரத்துக்குள் தேரடியும் கடைவீதியும் பார்த்து வளர்கிற பிள்ளைகளின் பள்ளிகள் ஒரு வகை. மல்லாட்டைக் கொல்லைகளுக்கு நடுவே இருக்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகள் இன்னொரு வகை. ஜமுனாமரத்தூர்ப் பக்கம் ஜவ்வாது மலையில் பழங்குடியினர் நல உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. சிற்றூர்ப் பள்ளிகள் பலவற்றில் ஐந்து வகுப்புகளுக்கு இரண்டே ஆசிரியர்கள். ஒருவர் கையில் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகள் சேர்ந்தே இருக்கும். ஒரு பிள்ளை எழுத்துக் கூட்டும்போது இன்னொரு பிள்ளை பெருக்கல் போட வேண்டும். கரும்பலகைக்கு முன்னால் நின்று எல்லோருக்கும் ஒரே பாடத்தை நடத்துவது அங்கே நடக்கிற காரியமில்லை.

இந்தச் சிக்கலுக்குத் தமிழ்நாடு தேடிய பெரிய விடைதான் செயல்வழிக் கற்றல். அதன் வேர் ஆந்திராவில், மதனப்பள்ளி அருகே ஜே. கிருஷ்ணமூர்த்தி நிறுவிய ரிஷி வேலியில் இருக்கிறது. சுற்றுவட்டாரக் கிராமங்களில், ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைப் பார்த்துக்கொள்ளும் சிறு பள்ளிகளுக்காக அங்கே கற்றல் அட்டைகளை உருவாக்கினார்கள். சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் முயற்சியில் 2003-ல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் அந்த முறை தொடங்கியது. பிறகு அவர் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநரானார். 2007-ல் தமிழகத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் அது போய்ச் சேர்ந்தது.

அந்த ஆண்டுகளில் வகுப்பறையின் தோற்றமே மாறியது. பெஞ்சும் மேடையும் போய்ப் பாய் வந்தது. ஆசிரியரும் தரையில் வந்து உட்கார்ந்தார். பாடங்கள் சிறு சிறு அட்டைகளாகப் பிரிந்து தட்டுகளில் அடுக்கப்பட்டன. ஒவ்வோர் அட்டையிலும் ஒரு சின்னம், ஓர் எண். சுவரில் தொங்கிய ஏணிப்படி அட்டவணையில், தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று குழந்தையே பார்த்து, அடுத்த அட்டையைத் தானே போய் எடுக்கும். காய்ச்சலில் ஒரு வாரம் வராத பிள்ளை, விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். சுவரின் அடிப்பகுதியில் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை, அதில் ஆளுக்கொரு கட்டம். காலையில் வந்ததும் வருகையைத் தானே பதிவது, அன்றைக்கு வெயிலா மழையா மேகமா என்று அட்டவணையில் குறிப்பது எல்லாம் பிள்ளைகளின் பொறுப்பு.

தலைக்கு மேலே கம்பிப் பந்தல். வகுப்பறையின் குறுக்கே கட்டிய கம்பிகளில் பிள்ளைகள் வரைந்தது, எழுதியது, மடித்தது எல்லாம் தொங்கும். மற்றவர் கண்ணுக்கு அது தோரணம். ஆனால் அண்ணாந்து பார்க்கிற ஆறு வயதுப் பிள்ளைக்கு அத்தனை தாளுக்கு நடுவிலும் தன்னுடையது எதுவென்று தெரியும்.

அட்டையோடு வந்த இன்னொன்று, பிள்ளைக்குப் பிள்ளை சொல்லிக் கொடுப்பது. இது நம் மண்ணுக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை இதைத்தான் செய்தார். மணலில் விரலால் எழுதிப் பழகுவதும், முன்னே போன மாணவர் பின்னே வருபவருக்குச் சொல்லித் தருவதும் அங்கே அன்றாட வழக்கம். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லப் பள்ளிக்குப் பொறுப்பாக இருந்த ஆண்ட்ரூ பெல் இந்த வழக்கங்களை எடுத்துப் பயன்படுத்தினார். 1797-ல் லண்டனில் அதைப் பற்றி ஒரு சிறுநூலும் வெளியிட்டார். இங்கிலாந்தில் ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது பரவியது. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ எடுக்கச் சொன்ன கணக்கெடுப்பு, மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்ததாக 1826-ல் பதிவு செய்தது. அந்தத் திண்ணைகளில் பெண்பிள்ளைகளுக்கும் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் இடமில்லை. இன்றைய பாயில் எல்லோரும் உட்காருகிறார்கள் என்பது அந்த முறையை மீட்டெடுத்ததைவிடப் பெரிய செய்தி.

செயல்வழிக் கற்றலுக்குக் குறைகளும் இருந்தன. அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன. ஒரு தட்டில் ஏழாவது அட்டை இல்லையென்றால் ஏணியில் ஏறிக்கொண்டிருந்த பிள்ளை அங்கேயே நின்றது. புத்தகத்தை வைத்துப் பாடம் கேட்டுப் பழகிய பெற்றோர், “இன்னிக்கு என்ன நடத்துனாங்க?” என்று கேட்டால் பிள்ளைக்குச் சொல்லத் தெரியவில்லை. பின்னாளில் முறை எளிமையாக்கப்பட்டது, புத்தகம் மீண்டும் முன்னால் வந்தது.

பிறகு கொரோனா. பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்தில் முதல் வகுப்பின் வாசலையே மிதிக்காத குழந்தைகள் நேராக இரண்டாம், மூன்றாம் வகுப்புக்கு வந்து உட்கார்ந்தார்கள். இந்த இடைவெளியை நிரப்ப 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. பிள்ளைகளை வயதைப் பார்த்துப் பிரிக்காமல், தெரிந்ததைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பிரித்துப் பயிற்சி கொடுக்கிறார்கள். கதை சொல்லவும், பாடி ஆடவும், பொம்மலாட்டம் நடத்தவும், வாசிக்கவும் வகுப்பறைக்குள் தனித்தனிக் களங்கள் உண்டு.

தமிழுக்கு 247 எழுத்து. ஆறு வயதில் அதை நினைத்தாலே மலைப்பாக இருக்கும். அனுபவமுள்ள ஆசிரியர்கள் சுழியும் வளைவும் நிறைந்த ‘அ’வில் தொடங்குவதில்லை. பெரும்பாலும் கோடு கோடாக எழுதிவிடக்கூடிய ட, ப, ம என்று தொடங்குகிறார்கள். இந்த மூன்றும் புள்ளியும் வந்துவிட்டால் ‘படம்’, ‘மடம்’, ‘பட்டம்’ எல்லாம் வந்துவிடும். முதல் வாரத்திலேயே ஒரு சொல்லைத் தானே படித்துவிட்ட குழந்தை, வீட்டுக்குப் போகும் வழியில் கடைப் பலகைகளில் தனக்குத் தெரிந்த எழுத்தைத் தேடத் தொடங்கும்.

வெறும் வயிற்றோடு வந்த பிள்ளைக்கு இதெல்லாம் ஏறாது. 1956-ல் காமராசர் கொண்டுவந்த மதிய உணவும், 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும் மதியத்தைப் பார்த்துக்கொண்டன. விடிவதற்குள் களையெடுக்கவோ பூக்கட்டவோ அம்மா கிளம்பிவிட்ட வீடுகளில் காலை வேளை அப்படியே இருந்தது. 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் முழுவதற்கும் வந்தது. முதல் மணி அடிக்கும்போது பிள்ளை உப்புமாவோ பொங்கலோ சாப்பிட்டுவிட்டுப் பாயில் உட்காருகிறது.

திருவண்ணாமலையை ஒட்டிய கணத்தம்பூண்டியில் 2009 முதல் இயங்கும் மருதம் பண்ணைப் பள்ளி வகுப்பறையின் சுவரையே தள்ளி வைத்துவிட்டது. அருணாசல மலையில் மீண்டும் காடு வளர்க்கும் ‘தி ஃபாரஸ்ட் வே’ அமைப்போடு சேர்ந்த பள்ளி இது. சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகளும் வெளியூரிலிருந்து குடிவந்தவர்களின் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கிறார்கள். மரக்கன்றும் வயலும் மலையும் பாடத்தின் பகுதிகள். ஆண்டுதோறும் நடக்கும் கைவினை வாரத்தில் கைத்தொழில் தெரிந்தவர்கள் வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து வேலை செய்கிறார்கள்.

எல்லாப் பள்ளிக்கும் பண்ணை கிடைக்காது. ஆனால் மலை எல்லோருக்கும் இருக்கிறது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் எட்டுத் திசைக்கு எட்டு லிங்கங்கள் இருக்கின்றன. கிழக்கே இந்திர லிங்கம், தெற்கே எம லிங்கம், மேற்கே வருண லிங்கம், வடக்கே குபேர லிங்கம், இடையில் மற்ற நான்கு. பௌர்ணமிக்குத் தாத்தாவோடு நடந்த பிள்ளைக்குத் தென்கிழக்கும் வடமேற்கும் காலில் ஏற்கெனவே பதிந்திருக்கும். அதை ஒரு தாளில் வரைய வைத்தால் வரைபடப் பாடம் அங்கே தொடங்கிவிடும்.

இதற்கெல்லாம் வேண்டிய பொருள்கள் விலை மலிவானவை. ஈர்க்குச்சி, புளியங்கொட்டை, பழைய காலண்டர் அட்டை. கிடைக்காமல் போவது ஆசிரியரின் நேரம். கல்வி உரிமைச் சட்டம் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. அறுபது பேர் வரை உள்ள பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். அந்த இருவரில் ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போய்விட்டால், மற்றவர் ஐந்து வகுப்பையும் பார்த்துக்கொண்டே கைப்பேசியில் விவரம் பதிவேற்ற வேண்டியிருக்கிறது. “அவுக்கட்டுமா?” என்று ஒரு பிள்ளை தலைதூக்கிக் கேட்கிற நேரத்தில் ஆசிரியரின் கண் அதன் மேல் இருக்க வேண்டும். அந்த நேரத்தைப் பறிக்கிற எந்த வேலையையும் அவர் தலையில் ஏற்றக் கூடாது.

மணி அடிக்கப் போகிறது. இரண்டாம் வகுப்புப் பிள்ளை அவிழ்த்த குச்சிகளைத் திரும்பக் கட்டுகிறது. எண்ணிப் பார்த்தால் ஒன்பது. மறுபடி எண்ணினாலும் ஒன்பது. பத்து இல்லாமல் கட்டக் கூடாது என்று அதற்குத் தெரியும். பாயின் ஓரத்தைத் தூக்கி, குனிந்து, பத்தாவது குச்சியைத் தேடிக்கொண்டிருக்கிறது.