நிற்க வைத்துப் பாருங்கள்

ஜவுளிக்கடை விற்பனைப் பெண்கள், டீ மாஸ்டர்கள், போக்குவரத்துக் காவலர்கள் என்று நாளெல்லாம் நின்றே பிழைப்பவர்களின் கெண்டைக்காலில் நீலமும் பச்சையுமாகப் புடைத்திருப்பதை ‘நரம்பு சுருட்டிக்கிச்சு’ என்கிறோம். அந்தச் சொல்லே பலரைத் திசைமாற்றி, சத்து ஊசியும் மாத்திரையுமாகக் காலம் கடத்த வைக்கிறது. சுருண்டிருப்பது நரம்பல்ல, ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி அனுப்பும் சிரை. அதன் வால்வுகள் பழுதானால், மேலே ஏறவேண்டிய ரத்தம் கீழேயே தேங்கும். சாயங்காலமானால் கால் கனப்பதும் வீங்குவதும் அதனால்தான்.

ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இதைக் கண்டுகொள்ளலாம். கருவி வேண்டாம், நோயாளியை நிற்க வைத்தால் போதும். படுக்க வைத்தால் ரத்தம் வடிந்து, புடைப்பு மறைந்துவிடும். புடவையையோ வேட்டியையோ முட்டிக்கு மேல் தூக்கச் சொல்லிக் கணுக்காலின் உட்பக்கத்தைப் பார்க்க வேண்டும். நோயின் வரலாறு அங்கேதான் எழுதியிருக்கும்: தோல் கறுத்திருக்கிறதா, தடித்து இறுகியிருக்கிறதா, பழைய புண்ணின் தழும்பு உண்டா? அங்கே வரும் அரிப்பைப் படை என்று நினைத்து மாதக்கணக்கில் களிம்பு தடவுபவர்கள் உண்டு.

யாரை ரத்தநாள நிபுணரிடம் அனுப்புவது? மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது: வலி, வீக்கம், கனம் போன்ற தொந்தரவு இருப்பவர்கள், தோல் மாறியவர்கள், சிரை கெட்டியாகி வலிப்பவர்கள், இரண்டு வாரத்தில் ஆறாத புண் உள்ளவர்கள், புண் வந்து ஆறியவர்களும்கூட. ரத்தம் கசிந்தால் உடனே அனுப்ப வேண்டும். அங்கே ரத்த ஓட்டத்தைக் காட்டும் டூப்ளெக்ஸ் ஸ்கேன் எடுத்து, பழுதான சிரையை வெப்பத்தால் அடைப்பார்கள். தள்ளிப்போடுவதில் லாபமில்லை. 2018-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், சீக்கிரமே அடைத்தவர்களில் பாதிப்பேருக்குப் புண் 56 நாளில் ஆறியது, தாமதித்தவர்களுக்கு 82 நாள் ஆனது.

தொந்தரவே இல்லாத மெல்லிய சிலந்திக்கோடுகளுக்குப் பயப்பட வேண்டியதில்லை. கர்ப்ப காலத்தில் வருவது பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் குறையும்.

ஒரு எச்சரிக்கை. பாதத்தில் நாடித்துடிப்பு பார்க்காமல், வீக்கத்தைக் குறைப்பதற்கான இறுக்கமான காலுறையைப் போடக்கூடாது. சர்க்கரை நோயாளிகள், புகைப்பவர்கள் விஷயத்தில் இது மிக முக்கியம். ரத்த ஓட்டம் குறைந்த காலை அது மேலும் கெடுக்கும். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-ல் சட்டம் திருத்தியது. முதலாளிகளே, அந்த நாற்காலியைப் போடுங்கள். ஊழியர்களே, மருத்துவர் கேட்காவிட்டாலும், நீங்களே எழுந்து நின்று காலைக் காட்டுங்கள்.