சுங்கை சிப்புட் தந்த தூதர்

சுங்கை சிப்புட் என்றால் யார் நினைவுக்கு வருகிறார் என்று நேயர்களைக் கேட்டுப் பாருங்கள். துன் சம்பந்தன், துன் சாமிவேலு என்பார்கள். ம.இ.கா.வின் முதல் தலைவர் ஜான் திவி பிறந்ததும் இங்கேதான்.

லண்டனில் சட்டம் படித்துத் திரும்பிய வழக்கறிஞர். நேதாஜியின் பேச்சைக் கேட்டு இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார். போர் முடிந்ததும் பிரிட்டிஷார் சிறையில் போட்டனர். வெளியே வந்து 1946 ஆகஸ்ட்டில் கட்சியைத் தொடங்கினார். மறு ஆண்டே தலைவர் பதவியை விட்டு, மலாயாவில் இந்திய அரசின் பிரதிநிதியானார்.

பேராக்கில் பிறந்தவர், பிறந்த மண்ணிலேயே இன்னொரு நாட்டுக்குத் தூதர்! இன்று நடக்குமா? அன்று நடந்தது. மலாயா சுதந்திரத்துக்கு இன்னும் 10 ஆண்டுகள் இருந்தன. பால்மரம் வெட்டியவருக்குத் தாய்நாடு எது என்பதே முடிவாகவில்லை. 1948 கூட்டரசு ஒப்பந்தமும் நம்மவர் பலருக்குக் குடியுரிமையை எளிதாக்கவில்லை. ஆபத்து வந்தால் முறையிட இந்தியப் பிரதிநிதியின் கதவுதான்.

ஆபத்தும் வந்தது, இதே ஊரிலிருந்து. 1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் கொல்லப்பட, அவசரகாலம் பிறந்தது. தொழிற்சங்கங்கள் நொறுங்கின. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதிக்கு மரண தண்டனை. இந்தியா உயிர்ப்பிச்சை கேட்டது. பிரிட்டிஷார் இரங்கவில்லை. 1949 மே 4இல் புடு சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.