ரப்பருக்குள் ஒளிந்திருக்கும் தண்ணீர்!

ரயிலில் ஜன்னலோர இருக்கை கிடைத்தால் எல்லோரும் வயல்வெளி பார்ப்பார்கள். என் கண் மட்டும் மேலே போகும். மின்கம்பியைப் பிடித்துக்கொண்டு, அடுக்கடுக்காகக் குடை விரித்து நிற்கிறதே இன்சுலேட்டர், அதன் மேல் எனக்கு அப்படியொரு கிறுக்கு. பழசெல்லாம் பழுப்புப் பீங்கான். இப்போது பல இடங்களில் சிலிக்கோன் ரப்பர். 25,000 வோல்ட்டுக்கு முன்னால் ரப்பரா? தலையே வெடித்துவிடும் போலிருந்தது. ரப்பர் ஆய்வுக்கூடம் ஒன்றில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு நாள் உள்ளே நுழைந்துவிட்டேன்.

முதல் அறையே பரோட்டாக் கடை! இரண்டு இரும்பு உருளைகள் எதிரெதிராகச் சுழல்கின்றன, ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் வேகமாக. நடுவே சிக்கிய ரப்பர் நசுங்கி, கிழிந்து, உருளையைச் சுற்றிப் போர்த்திக்கொள்கிறது. மில் ஓட்டும் அண்ணன் கத்தியால் குறுக்கே கீறுகிறார், மடிக்கிறார், மறுபடி உள்ளே விடுகிறார். மேலே வெள்ளைத் தூளைக் கொட்டுகிறார், கொட்டுகிறார், கொட்டிக்கொண்டே இருக்கிறார்.

“இவ்வளவு தூளாண்ணே?”

“பாதிக்குப் பாதி தம்பி. ரப்பர்னு பேருதான்!”

அந்தத் தூளின் பெயர் அலுமினியம் ட்ரைஹைட்ரேட். அங்கே எல்லோருக்கும் அது ஏ.டி.எச். பார்த்தால் கோலமாவு. அதன் ரகசியத்தை இப்போதே சொல்ல மாட்டேன்.

அடுத்த அறையில் இழுவை இயந்திரம். எதுவும் கலக்காத சிலிக்கோன் ரப்பர் மகா சோப்ளாங்கி. 1 மெகாபாஸ்கல் இழுவைக்குள்ளேயே அறுந்துவிடும். நானோமீட்டர் அளவுச் சிலிக்காத் துகளைச் சேர்த்தால் 10 வரைகூடத் தாங்கும். பத்து மடங்கு! ஏ.டி.எச். துகள் உருவத்தில் பெரிசு, இந்த வித்தை அதற்கு வராது. இன்னொரு வேடிக்கையும் பார்த்தேன். டம்பெல் வடிவத் துண்டை ஒரு முறை இழுத்துத் தளர்த்தி, மறுபடி அதே நீளத்துக்கு இழுத்தால் குறைந்த விசையே போதுமாம். பலூன் ஊதியவர்களுக்குத் தெரியும்: முதல் ஊதலுக்குத்தான் கன்னம் வலிக்கும். இதற்கு ‘முல்லின்ஸ் விளைவு’ என்று கம்பீரமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

மூலையில் ஒரு மேடம் செயற்கைத் தசைக்கு ரப்பர் செய்துகொண்டிருந்தார். மெல்லிய ரப்பர் தாளின் இரு பக்கமும் மின்முனை. வோல்ட் கொடுத்தால் தாள் நசுங்கி அகலமாகும். மின்காப்பு மாறிலி கூடினால் இந்த நசுக்கமும் கூடும். சிலிக்கோனுக்கு அது சுமார் 3. பேரியம் டைட்டனேட் என்ற பீங்கான் தூளுக்கு ஆயிரத்துக்கு மேல். கன அளவில் 30 சதவீதம் கலந்தால் முன்னூறாவது வராதா? “7 வரும்” என்றார். ஏழா! துகள்களுக்கு இடையே ரப்பர்தானே நிற்கிறது. வோல்ட்டில் பெரும்பகுதி அதன் தலையிலேயே விழுகிறதாம். விறைப்பு மட்டும் மூன்று மடங்கு ஏறிவிடும். ஆக, அதே வோல்ட்டில் தாள் நசுங்குவது அதிகரிக்காது, கால்வாசி குறையும்! அந்த விறைப்புக் கணக்குக்கு அடி போட்டவர் ஐன்ஸ்டைன். திரவத்தில் மிதக்கும் உருண்டைகளைப் பற்றி 1906-இல் எழுதியபோது அவர் ஒரு பிழை விட்டார். 1911-இல் திருத்தி 2.5 என்ற எண்ணைச் சேர்த்தார். ஐன்ஸ்டைனுக்கே கணக்குத் தப்பியிருக்கிறது! பள்ளிக்கூட நாட்களில் இது எனக்குத் தெரியாமல் போயிற்றே.

கடைசியாகக் கண்ணாடிக் கூண்டு. வந்த காரியமே இதுதான். கடலோர உப்பும் தூசியும் பனியில் நனைந்தால் இன்சுலேட்டரின் மேல் மின்சாரம் கசியும். அந்தச் சூட்டில் ஈரம் அங்கங்கே வறண்டு, வறண்ட இடத்தைத் தாண்டிப் பொறி பாயும். அதையே இங்கே வேண்டுமென்று செய்கிறார்கள். 45 டிகிரி சாய்வில் ஐந்து ரப்பர் துண்டுகள். 4.5 கிலோவோல்ட். ஒவ்வொன்றின் அடிப்பக்கமும் நிமிடத்துக்கு 0.6 மில்லிலிட்டர் நவச்சார நீர் வழிகிறது. ஆறு மணி நேரம் தாங்க வேண்டும். மின்னோட்டம் 60 மில்லியாம்பியரைத் தாண்டினால் தோல்வி. விளக்கை அணைத்தார்கள். சடசடவென்று மஞ்சளும் ஊதாவுமாகப் பொறிகள்! மூக்கைக் கண்ணாடியில் வைத்து அழுத்தாத குறை. ஏ.டி.எச். இல்லாத துண்டில் குழி விழுந்து ஆழமாகிக்கொண்டே போனது. கலந்த துண்டு அசையவில்லை.

காரணம், அந்தக் கோலமாவுக்குள் தண்ணீர் இருக்கிறது! சுமார் 200 டிகிரி சூட்டைத் தாண்டியதும் தூள் உடைந்து, 100 கிராமுக்கு ஏறக்குறைய 35 கிராம் நீராவியாகக் கிளம்பும். பொறியின் சூட்டை அது வாங்கிக்கொண்டு போய்விடும். மிஞ்சுவது அலுமினா என்ற சுத்தப் பீங்கான். ஒவ்வொரு துகளும் ஒரு குட்டித் தீயணைப்பு வண்டி! அதற்காக அள்ளிக் கொட்டவும் முடியாது. தூள் கூடினால் ரப்பர் எளிதில் கிழியும்.

இந்த ரப்பரிடம் இன்னொரு சாமர்த்தியமும் உண்டு. உள்ளிருந்து சிறு சிலிக்கோன் மூலக்கூறுகள் கசிந்து வந்து, மேலே படிந்த அழுக்கையே நீர் ஒட்டாததாக்கிவிடும். மழைத்துளி பரவாமல் முத்து முத்தாக நிற்கும். தொட்டுப் பார்க்க எனக்கும் கை துறுதுறுக்கிறது. பக்கத்திலேயே 25,000 வோல்ட் ஓடுகிறது, ஆகவே நீங்களும் நானும் பிளாட்பாரத்திலிருந்தே பார்த்துக்கொள்வோம்.