யுன்காங் குடைவரையின் வாயிற்காவலர்

இரும்பை, திருஞானசம்பந்தர் பாடல் பெற்ற தலமாகும். அதன் திருக்கோயில் மாகாளம் எனப்படும். மாகாளன் என்னும் பெயர் பௌத்தரிடத்து விகாரம் காக்கும் தெய்வத்திற்கும் உரியது. கி.பி. 671இல் இந்தியாவிற்குப் புறப்பட்ட சீனத் துறவி இத்சிங், விகாரங்களின் மடைப்பள்ளியில் அவ்வுருவம் வைக்கப்பெற்றிருந்தமையைக் குறித்துள்ளார். சைவர்தம் முழுமுதற் கடவுள் பௌத்தர்க்குக் காவலனாயினமைக்குக் கல்லிற் சான்றாவது வடசீனத்து யுன்காங் குடைவரை.

வட வெய் மரபினர் ஆட்சியில் கி.பி. 446இல் பௌத்தம் ஒடுக்கப்பட்டது. சில ஆண்டுகளில் மீண்டும் தழைத்தது. கி.பி. 460 அளவில் தன்யாவோ என்னும் துறவியின் மேற்பார்வையில் தலைநகரை அடுத்த மணற்பாறையில் ஐந்து பெருங்குகைகள் அகழப்பட்டன. இன்று அங்கு 51,000க்கு மேற்பட்ட உருவங்கள் உள்ளன. அவற்றுள் நம் கருத்திற்குரியன 8ஆம் குகை வாயிலின் இரு சிற்பங்கள். கீழ்ச்சுவரில் மூன்று தலையும் எட்டுக் கையும் உடைய மகேசுவரன் எருதின்மேல் வீற்றிருக்கின்றான். மேற்சுவரில் ஐந்து தலையும் ஆறு கையும் உடைய தெய்வம் பறவைமேல் அமர்ந்துள்ளது. இதனை மயிலேறிய குமரன் என்பர் பலர். பறவையைக் கருடனாகக் கொண்டு திருமால் என்பாரும் உளர்.

இதனைக் கண்ட அளவில் தமிழகத்து முருகன் சீனம் சென்றான் என முடிவு கட்டுதல் பொருந்துமா? பொருந்தாது என்பதற்குக் காரணங்கள் மூன்று. ஒன்று, காலம். இச்சிற்பங்கள் கி.பி. 5ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியின. இரும்பை உள்ள விழுப்புரம் மாவட்டத்திலேயே மண்டகப்பட்டில் செங்கல், மரம், உலோகம், சுதை இன்றி மகேந்திரவர்மன் அகழ்ந்த குடைவரை, ஒரு நூற்றாண்டிற்கும் மேற்பட்ட பின்னையது. இரண்டு, கைப்பொருள். மகேசுவரன் கையிலுள்ள கொடிமுந்திரிக் குலை, அக்கனி மிக்க நடு ஆசியாவைச் சுட்டுகின்றது. மூன்று, வழி. கோதான் நாட்டுப் பகுதியில் தந்தான்-உயிலிக் என்னுமிடத்துக் கிடைத்த ஓவியத்திலும் மூன்று தலை மகேசுவரன் காணப்படுகின்றான். ஆகவே இவ்வுருவங்கள் வடமேற்கிந்தியாவினின்று தரைவழியே பௌத்தத்துடன் சென்றன எனக் கொள்ளலே தகும்.

கடல்வழித் தமிழர் தொடர்பிற்குச் சான்று வேறுண்டு. தென்சீனத் துறைமுகமாகிய சுவான்சௌவில் கி.பி. 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும் சிவன் கோயிற் சிற்பங்களும் கிடைத்துள்ளன. இவ்விரு சான்றுகளுக்கும் இடையே ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் உள்ளன. சுவான்சௌவில் தமிழ் வணிகர் தம் கடவுளைத் தாமே நிறுவி வழிபட்டனர். யுன்காங்கிலோ பௌத்தர் பிறர் கடவுளைத் தம் வாயிலில் நிறுத்தினர். ஒப்புமை காண்டல் ஆராய்ச்சியின் தொடக்கம். வந்த வழியும் காலமும் தெளிந்த பின்னரே அது முடிபாகும்.