மிரட்டும் காதலன்! வாய் திறக்கப் பயப்படும் மாணவிகள்!
பெற்றோரே, அடிக்காதீர்கள், என்னவென்று கேளுங்கள்

பம்மல்,

காலை 8 மணி. பம்மல் மெயின் ரோட்டில் மாணவிகள் பஸ்சுக்கு நிற்கிறார்கள். பல்லாவரம் போய் ரெயில் பிடிக்க வேண்டும்.

இவர்களில் ஒருத்திக்குச் செல்போன் மணி அடித்தாலே கை நடுங்குகிறதா? அதற்குப் பெயர் காதல் அல்ல. மிரட்டல்!

"எங்கே இருக்கே? யார்கூட பேசினே? பாஸ்வேர்டைக் கொடு" என்பான். முதலில் பாசம் மாதிரிதான் தெரியும். பிறகு ஒரு நாள் கன்னத்தில் அறைவான். மறுநாள் காலில் விழுவான். விலகினால், "போட்டோவை எல்லாருக்கும் அனுப்பிடுவேன்" என்று மிரட்டுவான்.

பக்கத்திலேயே நடந்தது

2021 செப்டம்பர் 23-ந் தேதி. தாம்பரம் ரெயில் நிலையம் அருகே 20 வயது கல்லூரி மாணவி கத்தியால் தாக்கிக் கொல்லப்பட்டார். தாக்கியவன் அவருடன் பழகிய வாலிபன்.

அடுத்த ஆண்டு அக்டோபர் 13-ந் தேதி. பரங்கிமலை ரெயில் நிலையத்தில் இன்னொரு 20 வயது மாணவி. பின்தொடர்ந்து தொல்லை கொடுத்த வாலிபன், ரெயில் முன் தள்ளிக் கொன்றான். அந்தத் துக்கத்தில் தந்தையும் உயிரிழந்தார். 2024 டிசம்பரில் சென்னை மகளிர் கோர்ட்டு அவனைக் குற்றவாளி என்று தீர்ப்புக் கூறியது.

"வேண்டாம்" என்று பெண் சொல்லும் நேரம்தான் ஆபத்தான நேரம். அப்போது அவள் தனியாக இருக்கக் கூடாது.

சேலத்தில் ஒரு பெண்

2016 ஜூன் மாதம். சேலம் மாவட்டத்தில் பட்டதாரிப் பெண் ஒருவரின் முகத்தை ஆபாசப் படத்தில் ஒட்டி, பேஸ்புக்கில் போட்டான் ஒருவன். போலீசில் புகார் கொடுத்தும் படம் போகவில்லை. சில நாட்களில் அந்தப் பெண் உயிரை மாய்த்துக்கொண்டார். பெற்றவர்களே தன்னை நம்பவில்லையே என்ற வேதனையும் அவருக்கு இருந்தது.

படம் போட்டவன் பிடிபட்டான். தாமதத்துக்காக மாவட்ட போலீஸ் சூப்பிரண்டு மன்னிப்பும் கேட்டார். போன உயிர் போனதுதான்!

கவனியுங்கள்

மகள் திடீரென்று சாப்பிடவில்லையா? தோழிகளை ஒதுக்குகிறாளா? "எனக்கு வாழவே பிடிக்கலை" என்கிறாளா? நாடகம் என்று தள்ளாதீர்கள். தனியே விடாதீர்கள். செத்துப் போக நினைக்கிறாயா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் வராது, பாரம்தான் இறங்கும்.

"படிப்பை நிறுத்திடுவேன், கல்யாணம் பண்ணி அனுப்பிடுவேன்" என்று அதட்டும் வீட்டில் எந்தப் பெண் வாய் திறப்பாள்? மிரட்டுகிறவனுக்கு அந்தப் பயம்தான் மூலதனம்.

அவன் அனுப்பிய செய்திகளை அழிக்காதீர்கள். அதுதான் சாட்சி. மகளுக்கு 18 வயது ஆகவில்லை என்றால், பாலியல் தொல்லைக்கு 2012-ம் ஆண்டு போக்சோ சட்டம் இருக்கிறது.

உதவிக்கு

குழந்தைகளுக்கு 1098. பெண்களுக்கு 181. மனம் உடைந்தவர்களுக்கு 14416. சென்னை சினேகா அமைப்பு: 044-24640050.

இன்று ராத்திரி சாப்பாடு போடும்போது ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள்: "என்ன நடந்தாலும் சொல்லும்மா. திட்ட மாட்டேன்."