தொட்டுப் பார்க்க முடியாத சரக்கு: சமூக ஊடக வணிகமும் அமானத்தும்

கானாடுகாத்தான் வீடுகளை நேரில் பார்த்தவர்களைவிட அலைபேசியில் பார்த்தவர்கள்தான் இன்று அதிகம். அகன்ற தெருக்கள், பர்மா தேக்குத் தூண்கள், 1912இல் கட்டி முடிக்கப்பட்ட செட்டிநாடு அரண்மனை என்று எல்லாமே படங்களாக உலகைச் சுற்றி வருகின்றன. 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பாரம்பரியப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்ற பிறகு இந்தப் பகுதியின் மீது ஆர்வம் இன்னும் கூடியிருக்கிறது. ஆத்தங்குடிக் கல், கண்டாங்கிச் சேலை, பனையோலைக் கொட்டான், பலகாரம் என்று இங்கே உருவாகும் எதையும் வீட்டில் இருந்தபடியே சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் விற்க முடிகிறது. நம் இளைஞர்கள் பலரும் இதில் இறங்கியிருக்கிறார்கள்.

அப்படி இறங்கிய ஒரு தம்பி ஜும்ஆ முடிந்ததும் நம்மிடம் வந்தார். ஆத்தங்குடிக் கல்லும் கண்டாங்கிச் சேலையும் இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் ஆர்டர் எடுத்து விற்பவர். "ஹஸ்ரத், மூணு விஷயம் கேக்கணும்" என்றார். காசு கொடுத்தால் ஃபாலோயர்களையும் ஐந்து நட்சத்திர மதிப்புரைகளையும் ஏற்பாடு செய்து தருகிறார்களாம், வாங்கலாமா? மற்ற பக்கங்களில் வரும் நல்ல படங்களை எடுத்துப் போட்டுக்கொள்ளலாமா? சேலையின் நிறத்தை ஃபில்டர் வைத்துக் கொஞ்சம் தூக்கிக் காட்டலாமா? கடைசியில், "எல்லாரும் இதத்தான் செய்றாங்க ஹஸ்ரத். நான் மட்டும் செய்யலேன்னா யாவாரம் படுத்துரும்" என்றும் சொன்னார்.

அவர் குடும்பம் இந்த வருமானத்தில்தான் நடக்கிறது. ஆகவே "கூடாது" என்று ஒற்றை வார்த்தையில் சொல்லி அனுப்ப நமக்கு மனம் வரவில்லை. ஹலாலான வழியிலேயே இந்த வணிகம் ஓடும் என்பதையும் விளக்கியாக வேண்டும்.

பதிவுதான் ஒப்பந்தம்

கடைக்கு வருபவர் சேலையைப் பிரித்துப் பார்ப்பார், கல்லைத் தட்டிப் பார்ப்பார். திரையில் பார்ப்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவருக்குக் கிடைப்பதெல்லாம் ஒரு படமும் நான்கு வரிகளும்தான். பார்க்காத பொருளை வாங்குவது பற்றி ஃபிக்ஹ் சட்டம் விரிவாகவே பேசியிருக்கிறது. பார்க்காமல் வாங்கியவருக்குப் பொருளைக் கண்ட பிறகு ஏற்கவோ மறுக்கவோ உரிமை உண்டு என்பது ஹனஃபி மத்ஹபின் நிலைப்பாடு. ஷாஃபிஈ மத்ஹப் இதில் இன்னும் கண்டிப்பானது.

முன்பணம் வாங்கிக்கொண்டு பின்னர் பொருள் தரும் 'ஸலம்' வணிகத்தையும் எடுத்துக்கொள்வோம். நபி (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது அங்குள்ள மக்கள் பேரீச்சம்பழத்துக்கு ஓராண்டு, ஈராண்டு முன்பே பணம் கொடுத்து வந்தார்கள். நபியவர்கள் அதைத் தடுக்கவில்லை. அளவும் எடையும் தவணையும் தெளிவாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தார்கள். ஆர்டரின் பேரில் செய்து கொடுக்கும் ஆத்தங்குடிக் கல்லுக்கு இது அப்படியே பொருந்தும். கல்லின் அளவு, கனம், நிறம், எத்தனை நாளில் வரும், வண்டிக்கூலி யார் பொறுப்பு, உடைந்து வந்தால் யார் பொறுப்பு ஆகியவை பதிவிலேயே இருக்க வேண்டும். "விலைக்கு இன்பாக்ஸில் வாருங்கள்" என்று எழுதுவதைவிட விலையை எழுதிவிடுவது வாங்குபவருக்கும் நல்லது, விற்பவருக்கும் நல்லது.

நிறத்தைத் தூக்கிக் காட்டலாமா?

அக்காலத்தில் ஆட்டையும் ஒட்டகத்தையும் விற்பதற்குச் சில நாள் முன்பிருந்தே பால் கறக்காமல் விட்டுவிடுவார்கள். மடி பெருத்துத் தெரியும், வாங்குபவர் ஏமாறுவார். இதை நபி (ஸல்) அவர்கள் தடை செய்தார்கள். அப்படி வாங்கி ஏமாந்தவர் திருப்பிக் கொடுக்கலாம் என்றும் தீர்ப்பளித்தார்கள். ஃபில்டர் போட்டு நிறத்தை ஏற்றுவது இன்றைய காலத்தின் கறக்காத மடிதான். வெளிச்சம் நன்றாக இருக்கும் முற்றத்தில் வைத்துப் படம் எடுப்பதில் தவறில்லை. இல்லாத நிறத்தைச் சேர்ப்பதுதான் தவறு.

கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் நபியவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டிய சம்பவம் நாம் அறிந்ததே. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். அப்படியானால் மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்றும் எச்சரித்தார்கள். குறையை மேலே வை என்பதுதான் அதன் பாடம்.

குறையை மேலே வைத்தால் சரக்கு விற்குமா? நம் மண்ணின் துணி ஒன்றின் வரலாறே இதற்குப் பதில் சொல்லும். 1950களின் இறுதியில் 'மெட்ராஸ்' கட்டம் போட்ட கைத்தறித் துணி அமெரிக்காவுக்கு ஏற்றுமதியானது. அனுப்பியவர் பிற்காலத்தில் ஹோட்டல் துறையில் புகழ்பெற்ற கேப்டன் சி.பி.கிருஷ்ணன் நாயர். சாயம் கசியும், குளிர்ந்த நீரில் மென்மையாகத் துவைக்க வேண்டும் என்ற விவரம் அங்கே வாங்கியவர்களைச் சென்று சேரவில்லை. துவைத்ததும் சாயம் ஓட, புகார்கள் குவிந்தன. பின்னர் அதே துணியைச் 'சாயம் கசியும் மெட்ராஸ்' என்று வெளிப்படையாகச் சொல்லியே விற்றார்கள். துவைக்கத் துவைக்க நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து புதிதாகத் தெரியும் என்பதே அதன் சிறப்பாயிற்று, துணியும் பிரபலமானது. மறைந்திருந்தவரை புகாராக இருந்த குணம், சொல்லிய பிறகு விற்பனைக்கான காரணமாக மாறியது.

எதைப் பதிவிடுவது?

"தினமும் போட என்ன இருக்கு?" என்று கேட்பவர்கள் ஆத்தங்குடிப் பட்டறையில் ஒரு நாள் நின்று பார்க்கட்டும். கண்ணாடித் துண்டின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் அச்சைப் பொருத்தி, சாயம் கலந்த சிமெண்ட் கரைசலைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அதன்மேல் மணலும் சிமெண்டும் கலந்த பொடியைத் தூவி, பிறகு சாந்தை வைத்து அழுத்துகிறார்கள். காய்ந்த பிறகு கல் தண்ணீர்த் தொட்டிக்குள் போகிறது. சூளையில் சுடுவதே இல்லை. கல்லின் பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருவது. கையால் செய்வதால் ஒரு கல் போல இன்னொன்று அச்சாக இராது. இதை ஒரு நிமிடக் காணொளியாகக் காட்டினாலே போதும், 'நிறம் ஏன் சற்று மாறியிருக்கிறது' என்ற கேள்விக்கும் அதிலேயே பதில் இருக்கும்.

பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில் சின்னவீரமங்கலத்துக்காரர்கள் நடத்தும் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' இதற்கு நல்ல சாட்சி. 2018இல் தொடங்கிய அந்த யூடியூப் சேனல் 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தாண்டியது. தமிழில் அந்த எண்ணிக்கையை முதலில் எட்டியது அதுதான். வயல்வெளி, பெரிய பாத்திரம், ஒரு பெரியவர், அவருடைய பேரன்கள், அவ்வளவுதான். ஒப்பனை இல்லாமல் வேலையை உள்ளபடி காட்டினால் மக்கள் பார்க்கிறார்கள்.

தொகுத்துத் தருவதற்கும் ஒழுங்கு உண்டு

எல்லாவற்றையும் நாமே உருவாக்க வேண்டியதில்லை. துறை சார்ந்த நல்ல செய்திகளையும் படங்களையும் தேடி, தேர்ந்தெடுத்து, வாடிக்கையாளருக்குப் பயன்படும்படி தருவதும் ஒரு சேவையே. காரைக்குடி கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்ற செய்தியைப் பகிர்ந்து, கைத்தறிக் கண்டாங்கியை எப்படி அடையாளம் காண்பது என்று நம் அனுபவத்திலிருந்து இரண்டு வரி சேர்த்தால், வாங்குபவர் நம்மை விவரம் தெரிந்தவராக மதிப்பார். சிமெண்ட் தரையில் ஆசிட் ஊற்றிக் கழுவக் கூடாது என்று சொல்லிக் கொடுப்பது, ஏற்கெனவே கல் வாங்கியவரையும் நம் பக்கத்துக்கு மறுபடி வரவைக்கும்.

ஆனால் நான்கு ஒழுங்குகளைப் பேண வேண்டும்.

ஒன்று, அடுத்தவர் படத்தை அனுமதி பெற்று, அவர் பெயர் சொல்லிப் பகிர வேண்டும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் புகைப்படத்தையும் பாதுகாக்கிறது. அடுத்தவர் சரக்கின் படத்தைப் போட்டு நம் சரக்கை அனுப்புவது அதைவிடப் பெரிய மோசடி.

இரண்டு, கையில் இல்லாத பொருளைத் தம் பொருள் போல விற்கக் கூடாது. ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் சொன்ன அறிவுரை இது. பிறர் சரக்கை விற்றுத் தருபவர், நான் தரகன், எனக்குக் கமிஷன் உண்டு என்று சொல்லிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

மூன்று, வரும் செய்தியை விசாரித்து உறுதி செய்ய வேண்டும் என்ற அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6வது வசனம் வணிகப் பதிவுக்கும் பொருந்தும். '200 வருடப் பழமை' என்று யாரோ அனுப்பியதை அப்படியே எழுதக் கூடாது.

நான்கு, அனுமதியின்றி அடுத்தவர் வீட்டுக்குள் நுழையாதீர்கள் என்கிறது அந்நூர் அத்தியாயத்தின் 27வது வசனம். நம் பகுதி வீடுகளில் பல இன்றும் குடும்பங்களுக்குச் சொந்தமானவை. கேட்காமல் உள்ளே கேமராவை நீட்டுவதும், தறியில் வேலை செய்யும் பெண்களைக் கேட்காமல் படம் எடுப்பதும் கூடாது.

விலைக்கு வாங்கிய பாராட்டு

வாங்கும் எண்ணமே இல்லாமல் ஏலத்தில் விலையை ஏற்றிவிட்டு, உண்மையில் வாங்க வந்தவரை ஏமாற்றுவதற்கு 'நஜ்ஷ்' என்று பெயர். நபியவர்கள் அதைத் தடுத்தார்கள். பொய்யான ஃபாலோயர்களும் காசு கொடுத்து எழுத வைத்த மதிப்புரைகளும் இதே வகைதான். வாங்காதவர்கள் கூட்டம் சேர்த்து, வாங்க வருபவரை நம்ப வைக்கிறார்கள்.

நாட்டுச் சட்டமும் இதைக் கவனிக்கிறது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். இணைய மதிப்புரைகளுக்கென 2022இல் இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஒரு தரநிலையே வெளியிட்டது. பணம் வாங்கிக்கொண்டு பரிந்துரைப்பவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2023 ஜனவரியில் மத்திய அரசு வழிகாட்டுதல் தந்தது.

வணிகக் கணக்கும் இதையே சொல்கிறது. பொய் ஃபாலோயர்கள் சேலை வாங்குவதில்லை. பதிவைப் பார்த்து அவர்கள் எதுவும் செய்யாததால், இது யாருக்கும் பிடிக்காத பக்கம் என்று செயலி கணக்கிட்டு, உண்மையான வாடிக்கையாளருக்குக் காட்டுவதையும் குறைத்துவிடக்கூடும். வாங்கியவரிடமே, "பிடித்திருந்தால் உங்கள் வீட்டுத் தரையைப் படம் எடுத்து அனுப்புங்கள், பிடிக்காவிட்டால் என்ன குறை என்று சொல்லுங்கள்" என்று கேட்பதே மேல்.

இன்னொன்றையும் அந்தத் தம்பியிடம் சொன்னோம். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளை மத்திய அரசு தடை செய்தபோது, அதை மட்டுமே நம்பியிருந்தவர்கள் கூட்டத்தை ஒரே இரவில் இழந்தார்கள். சமூக ஊடகப் பக்கம் வாடகைக் கடை மாதிரி. வாடிக்கையாளரின் சம்மதத்தோடு அவருடைய எண்ணைத் தனியே குறித்து வைத்துக்கொள்வதும், வாட்ஸ்அப் பிசினஸில் விலையோடு கேட்டலாக் வைப்பதும், கூகுள் மேப்பில் கடையைப் பதிவதும் பாதுகாப்பு.

சில வாரம் கழித்து அவர் நமக்கு ஒரு பதிவை அனுப்பினார். ஒரே அச்சில் செய்த இரண்டு கற்கள், ஒன்றின் சிவப்பு மற்றதைவிடச் சற்று வெளுப்பு. கீழே இப்படி எழுதியிருந்தார்: "கைவேலை. இந்த அளவு நிற வித்தியாசம் வரும். ஒரே நிறம்தான் வேண்டும் என்பவர்கள் தயவுசெய்து ஆர்டர் செய்ய வேண்டாம்." விருப்பக்குறிகள் குறைவுதான். ஆனால் விசாரித்தவர்களில் மூன்று பேர், இப்படிச் சொன்னதால்தான் நம்பிக் கேட்கிறோம் என்று எழுதியிருந்தார்களாம்.

உண்மை பேசி, குறையை எடுத்துச் சொல்லி வியாபாரம் செய்யும் இருவருக்கும் அதில் பரக்கத் உண்டு, மறைத்தால் அது அழிந்துவிடும் என்பது நபிமொழியின் கருத்து. வல்ல அல்லாஹ் நம் இளைஞர்களின் வணிகத்தில் ஹலாலையும் பரக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.