அரை மணி நேர நாடு

மூடிய கதவுக்கு வெளியே – 9

2018 ஏப்ரல் 27ஆம் திகதி இரு கொரியாக்களின் எல்லையிலுள்ள பன்முன்ஜொம் சமாதான மாளிகையின் காத்திருப்பு அறையில் இரண்டு மணிக்கூடுகள் மாட்டியிருந்தன. ஒன்றில் சியோல் நேரம், மற்றதில் பியாங்யாங் நேரம். இரண்டுக்கும் இடையில் அரை மணி நேரம். அதைப் பார்க்கவே மனம் நோகிறது என்றார் வடகொரியத் தலைவர் கிம் ஜொங் உன். மே 5ஆம் திகதி வடகொரியா முழுக்க முள் அரை மணி முன்னுக்குத் தள்ளப்பட்டது. 2015 ஆகஸ்ட் 15இல், ஜப்பானியர் பறித்த நேரத்தை மீட்கிறோம் என்று அதைப் பின்னுக்கு இழுத்ததும் அவருடைய அரசுதான்.

உலகம் இதைக் கோமாளிக் கூத்தாக எழுதியது. தென்கொரியாவும் 1954இல் இதே அரை மணி நேரத்தை இழுத்து, 1961இல் திருப்பித் தள்ளியது. அதை எழுதியவர்கள் குறைவு.

மன்னாரில் இருந்த எங்களுக்கு இது புதினமில்லை. 1996இல் மின்வெட்டு வந்த வருடம், கொழும்பு மணிக்கூட்டை முதலில் ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தியது, பிறகு அதில் அரை மணியைத் திருப்பிக் கொடுத்தது. புலிகளின் பகுதியில் இரண்டையும் ஏற்கவில்லை. 2006 ஏப்ரலில் அரசு பழையபடி மாறும்வரை ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு நேரம் ஓடியது. உயிலங்குளம் சாவடியைத் தாண்டினால் 'புதிய நேரம்' போய் 'பழைய நேரம்' வரும். சமாதான காலத்தில் அந்தப் பக்கம் ஒரு செத்த வீட்டுக்குப் போனோம். மூன்று மணிப் பூசைக்கு மூச்சிரைக்க ஓடிப்போய்ச் சேர்ந்தால், கோயில் வாசலில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. எங்கள் கையில் மூன்று, அவர்கள் சுவரில் இரண்டரை. பெரியப்பா வேப்பமரத்தடியில் குந்தி, மணிக்கூட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அன்று முழுக்க அதை வெளியே எடுக்கவில்லை.

மூடிய நாடுகளைத் தூரத்திலிருந்து வாசிக்கும் பைத்தியத்தை எனக்குத் தொற்ற வைத்தவரும் அவர்தான். 1963இல் தொடங்கிய பீக்கிங் வானொலியின் தமிழ் ஒலிபரப்பு, பிபிசி தமிழோசை, மணிலாவிலிருந்து வந்த வேரித்தாஸ் எல்லாம் கேட்பார். செய்தியில் சொன்னதைவிடச் சொல்லாமல் விட்டதைத்தான் பிடிப்பார். 'போன கிழமை வரைக்கும் அந்தாளின்ர பேர் வந்தது, இந்தக் கிழமை இல்லை, கவனிச்சியா?' என்பார். வடகொரியாவைப் பார்ப்பவர்களின் தொழில் முழுவதும் இந்த ஒரு கேள்விதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். (அங்கே வானொலிப் பெட்டியை அரச அலைவரிசைக்குப் பூட்டி முத்திரை வைத்துத்தான் கொடுப்பார்கள். பெரியப்பா ஒரு மாதம் தாக்குப்பிடித்திருக்க மாட்டார்.)

2011 டிசம்பர் 28இல் முந்திய தலைவர் கிம் ஜொங் இல்லின் சவ ஊர்தியோடு பனியில் எட்டுப் பேர் நடந்தார்கள். அவர் இறந்த செய்தியே இரண்டு நாள் கழித்துத்தான் வெளியே வந்திருந்தது. அந்த எட்டுப் பேரின் படம்தான் அடுத்த சில வருடங்களுக்குப் பார்வையாளர்களின் பஞ்சாங்கம். ஊர்தியின் ஒரு பக்கம் மகன் கிம் ஜொங் உன், அவர் பின்னால் மாமா ஜாங் சொங் தேக். மறுபக்கம் படைத் தளபதி ரி யொங் ஹோ. 2012 ஜூலையில் தளபதியின் பதவி போயிற்று. 2013 டிசம்பரில் ஜாங்கைக் கூட்டத்தின் நடுவில் பிடித்து, சில நாளில் கொன்றார்கள். அதற்கு முன்பே ஒரு விவரணப் படத்திலிருந்து அவர் முகம் வெட்டப்பட்டிருந்தது. அதைக் கண்டவர்களுக்கு விசயம் விளங்கிவிட்டது.

இந்தக் கூர்மைக்கு ஒரு கேடும் உண்டு. ஜாங்கைப் பட்டினி நாய்களுக்குப் போட்டார்கள் என்ற கதை ஊரெல்லாம் ஓடியது. சீன இணையத்தில் யாரோ எழுதிய நையாண்டி அது. பாடகி ஹியொன் சொங் வொல்லைச் சுட்டுக் கொன்றுவிட்டதாக 2013இல் சியோலின் பெரிய பத்திரிகை எழுதியது. அடுத்த மே மாதம் அவர் தொலைக்காட்சியில் பேசினார், 2018இல் கலைக்குழுவுக்குத் தலைமை தாங்கிச் சியோலுக்கே போனார். 2020 ஏப்ரலில் கிம் ஜொங் உன்னையே செய்திகளில் சாகடித்தார்கள். மே தொடக்கத்தில் உரத் தொழிற்சாலை ஒன்றின் நாடாவை வெட்டிக்கொண்டு சிரித்தார். மூடிய இடத்தைப் பற்றி எவனும் எதையும் சொல்லலாம், உள்ளேயிருந்து மறுக்க ஆள் வராது. தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சுனாமிக்குப் பிறகு இறந்துவிட்டார் என்று சொல்லப்பட்ட பிரபாகரன், 2005 ஜனவரியில் நோர்வே வெளியுறவு அமைச்சரோடு கிளிநொச்சியில் படத்துக்கு நின்றார்.

  

இப்படி வெளியே நின்று உள்ளே பார்க்கிறவர்கள் எங்கள் மன்னாரிலும் இருந்தார்கள்; இனி முள்ளிக்குளத்துக்கு வருகிறேன். முசலியின் தென்கோடியில், வில்பத்துக் காட்டின் ஓரத்தில் கிடக்கும் கடற்கரைக் கிராமம். 2007 செப்டம்பரில் சனத்தை வெளியேற்றினார்கள். பிறகு அங்கே கடற்படையின் வடமேற்குக் கட்டளைத் தலைமையகம் வந்தது. ஊர்ச்சனம் மலங்காட்டிலும் காயாக்குழியிலும் கொட்டில் போட்டுக்கொண்டு இருந்தது. 2017 மார்ச் 23இல் முகாம் வாசலில் போராட்டம் தொடங்கி 38 நாள் நீண்டது. ஏப்ரல் 29இல் 100 ஏக்கரை விடுவதாக அறிவித்தார்கள். சேதமில்லாமல் நின்ற வீடுகளில் கடற்படைக் குடும்பங்கள் இருந்தன, அவை அதில் சேரவில்லை.

அந்த ஏப்ரலில் போராட்டக் கொட்டகைக்குப் போயிருந்தேன். ஒரு அக்கா ஈர்க்குக் குச்சியால் மணலில் தன் ஒழுங்கையைக் கீறிக் காட்டினார். கோயில், குளக்கட்டு, மாமரம், வீடு. பூசைக்குப் போய்வர விட்ட நாட்களில் வழியில் நிற்க முடியாது, நடந்துகொண்டே தலையைத் திருப்பாமல் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தே தன் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கணக்கு வைத்திருந்தார். கொடியில் காய்ந்த உடுப்புத்தான் அவருக்குப் பத்திரிகை. முதலில் வெள்ளைப் பள்ளிக்கூடச் சட்டை ஒன்று, ஆறு வயசுப் பிள்ளையின் அளவு. அடுத்த பெருநாளுக்குப் போகும்போது சட்டை ஒரு சாண் நீண்டிருந்தது. அதற்கடுத்த முறை சட்டையைக் காணவில்லை. கொடி நிறையக் கைக்குழந்தைத் துணி. பழைய அதிகாரிக்கு மாற்றல், புதியவர் குடும்பத்தோடு வந்துவிட்டார் என்று அக்கா தீர்ப்புச் சொன்னார். மாமரத்தில் ஏணை கட்டியிருப்பதையும் கண்டாராம். எந்தக் கொப்பில் என்று குச்சியால் தொட்டுக் காட்டினார்.